சொட்டலாம், ஒழுகக்கூடாது

படகு கட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வேண்டுமென்றே ஒரு துளை போடுகிறார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. என்ஜின் படகுக்குள்ளே இருக்கிறது. காற்றாடி வெளியே தண்ணீரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், எந்த வழியாகவாவது வெளியே போயாக வேண்டும். அந்தத் துளை வழியாக ஷாஃப்ட் சுற்ற வேண்டும், கடல் மட்டும் உள்ளே வரக்கூடாது. இந்த இரண்டு காரியத்தையும் ஒரே நேரத்தில் செய்கிற சிறிய பொருளுக்குத்தான் கிளாண்ட் என்று பெயர். என் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அதன் முன்னால் குந்தியிருந்தே கழிந்தது.

மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் போயிருக்கும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். பின்னால் என்ஜின் தொங்கும் வேகப் படகில் போயிருந்தால் இந்தக் கதை அதற்குப் பொருந்தாது. அவுட்போர்டு என்ஜினில் ஷாஃப்ட் படகின் உடம்பைத் துளைப்பதில்லை. அதன் கியர் பெட்டியில் ஒரு சின்ன ஆயில் சீல் இருக்கும், அவ்வளவுதான். (தூண்டில் நரம்பு காற்றாடியில் சுற்றிக்கொண்டு அந்தச் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால் தேநீர் நிறத்துக்கு மாறினால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.) நான் சொல்வது என்ஜினை வயிற்றுக்குள் வைத்திருக்கும் படகுகளை. எண்டாவிலும் சிடிலியிலும் மீன் பிடிக்கப் போகிற மரப்படகுகள், பெரிய பெர்ரிகள், குக்குப்பில் மீன் வளர்ப்புக் கூண்டுகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகிற படகுகள் எல்லாம் அந்த ரகம்.

எனக்கு இந்த வேலை கடலில் வந்ததல்ல. அப்பா குளுவாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பிட்டராக இருந்தார். ஆலையில் எத்தனை பம்பு இருக்கிறதோ அத்தனை கிளாண்டும் இருக்கும். சனிக்கிழமை ஆலை நின்றதும் பழைய பேக்கிங்கைப் பிடுங்கிவிட்டுப் புதிது போடுவார். நான் விளக்குப் பிடிப்பேன். கொழுப்பில் ஊறிய சதுரக் கயிறு அது. மணம் மூக்கை விட்டுப் போகாது. நட்டை இறுக்கும்போது அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “சொட்டணும்டா, ஒழுகக்கூடாது.” பதினைந்து வயதுப் பையனுக்கு அது விளங்கவில்லை. தண்ணீரை நிறுத்தத்தானே இதைப் போடுகிறோம், பிறகு ஏன் சொட்ட வேண்டும்?

பதில் எளிது. பேக்கிங் என்பது ஷாஃப்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கயிற்று வளையம். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிற எஃகை, உலர்ந்த கயிறு இறுக்கிப் பிடித்தால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டை எடுத்துப் போவதும், உராய்வுக்கு எண்ணெய் போல நிற்பதும் உள்ளே கசியும் அதே கடல்நீர்தான். சொட்டு நின்றுபோனால் கொழுப்பு உருகி ஓடிவிடும், கயிறு கரியாகிக் கல் போல் இறுகும், அது ஷாஃப்டைக் கடைந்து பள்ளம் போடும். அதன் பிறகு எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். நூறு வெள்ளிக்கு முடிய வேண்டிய வேலை, புது ஷாஃப்டில் போய் நிற்கும்.

சொட்டு எவ்வளவு? என்ஜின் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு, நிற்கும்போது ஒன்றுமில்லை அல்லது எப்போதாவது ஒன்று. கணக்குப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்று வைத்தாலும் நாள் முழுக்க ஓடினால் முக்கால் லிட்டர்கூட வராது. அதே இடத்தில், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, 25 மில்லி மீட்டர் அகலத் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் வரும். ஒரு மணி நேரத்தில் மூன்று டன். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

பேக்கிங் மாற்றுவது பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அவசரக்காரன் கை அதில் உடனே தெரிந்துவிடும். முதலில் பழையதை முழுவதும் எடுக்க வேண்டும். நுனியில் திருகு வைத்த கொக்கியால் ஒவ்வொரு வளையமாக இழுக்கும்போது மூன்று வந்ததும் கை வலிக்கும், கடைசி வளையம் உள்ளே எங்கோ இருக்கும். அதை விட்டுவிட்டு மேலே புதிது அடைப்பவர்கள் உண்டு. மறு மாதம் வந்து ‘சரக்கு சரியில்லை’ என்பார்கள். அடுத்து கயிற்றின் தடிப்பு. ஷாஃப்ட் 38 மில்லி மீட்டர், பெட்டியின் உள்வாய் 54 என்றால் இடைவெளி 16, அதில் பாதி 8. எட்டு மில்லி கயிறுதான் வேண்டும். ‘ஒன்பதுதான் கடையில் இருந்தது, தட்டி ஏற்றிவிடலாம்’ என்பது நடக்காது. ஒரே நீளக் கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றி அடைப்பதும் கூடாது. அந்தச் சுருளே தண்ணீருக்குப் படிக்கட்டாகிவிடும். அதே தடிப்புள்ள குழாயில் கயிற்றைச் சுற்றி, சாய்வாக வெட்டி, தனித்தனி வளையங்களாகப் போட வேண்டும். ஒரு வளையத்தின் வாய் மேலே இருந்தால் அடுத்ததன் வாய் வலப்பக்கக் கீழே, மூன்றாவது இடப்பக்கக் கீழே. கதவுகள் நேருக்கு நேர் இருந்தால் காற்று வீடு முழுக்க ஓடுமே, அதுபோலத்தான் இதுவும்.

பிறகு நட்டு. கையால் மட்டும் இறுக்க வேண்டும். படகு தண்ணீரில் இறங்கியதும் தாராளமாகவே சொட்டட்டும். ஓடவிட்டு, நட்டின் ஒரு முகம் அளவு திருப்பி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடியும் ஒரு முகம். நடுநடுவே பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பது போல. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே தளர்த்த வேண்டும். தொடுவது பெட்டியை, சுற்றுகிற ஷாஃப்டை அல்ல. சாரோங் கட்டிக்கொண்டு என்ஜின் அறைக்குள் இறங்கும் மலாய்க்காரப் பெரியவர்களை எத்தனை தடவை மேலே விரட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவர்களும் சிரித்துக்கொண்டே மறுநாள் அதே சாரோங்கில் வருவார்கள்.

மெர்சிங் ஆற்றுக்கென்று ஒரு குணம் உண்டு. முகத்துவாரம் ஆழம் குறைந்தது. தியோமான் பெர்ரியின் நேரம் நாளுக்கு நாள் மாறுவதற்கும் அதுதான் காரணம். கடல் ஏறினால்தான் பெரிய படகு வெளியே போக முடியும். நீர் வற்றும் நேரத்தில் அவசரப்பட்டு வெளியேறும் படகுகளின் காற்றாடி, அடியில் இருக்கும் மணலையும் சேற்றையும் கிளப்பிவிடும். அந்த மணல் ஷாஃப்ட் குழாய்க்குள் போகும். குழாயின் உள்ளே, கிளாண்டுக்கு முன்னால், ரப்பர் வரிகள் போட்ட ஒரு பேரிங் இருக்கும். கிரீஸ் இல்லை, கடல்நீரே அதற்கு எண்ணெய். மணல் கலந்த நீர் அந்த ரப்பரைத் தேய்க்கும். ரப்பர் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் பேக்கிங் வட்டமாக இருக்காது, முட்டை வடிவமாகிவிடும். அதனால் அடிக்கடி கிளாண்ட் ஒழுகுகிறது என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கிளாண்டைப் பார்ப்பதில்லை. வெளியே போய்க் காற்றாடிக்குப் பக்கத்தில் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பேன்.

அடுத்தது மழைக்காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை மூடிவிடுகிறது. படகுகள் ஆற்றில் கட்டிக் கிடக்கும். ஓடுகிற படகை விடக் கிடக்கிற படகுதான் சீக்கிரம் கெடும். ஷாஃப்டில் கொட்டலசு ஒட்டும். பெட்டிக்குள் அடைபட்டு நிற்கிற, காற்றுப்படாத நீரில் துருப்பிடிக்காத எஃகுகூடப் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். மார்ச்சில் திடீரென்று என்ஜினைப் போட்டுக் கியரைத் தட்டினால், அந்தக் கிளிஞ்சல் ஓடுகள் பேரிங்கை ரம்பம் போல அறுக்கும். வாரம் ஒரு முறை ஷாஃப்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டாலே பாதித் தொல்லை வராது. இதைச் சொன்னால் ‘சரி சரி’ என்று தலையாட்டுவார்கள்.

படகின் அடியில் தண்ணீர் நின்றாலே கிளாண்ட்மேல் பழி போடுவதும் ஒரு வழக்கம். நான் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பில்லை என்றால் மழைத் தண்ணீர். மேல் தட்டில் எங்கோ ஓட்டை. உப்பு என்றால் மூன்று இடம் உண்டு: கிளாண்ட், என்ஜினைக் குளிரவைக்கும் குழாய், மரப் பலகை இடுக்கு. கரையில் காய்ந்த மரப்படகு இறங்கிய முதல் இரண்டு நாள் எல்லா இடுக்கிலும் அழும். பலகை ஊதியதும் தானே நிற்கும். இன்னொன்று: கரையில் இருக்கும்போது மரப்படகுக்கு ஒரு வடிவம், தண்ணீரில் வேறு வடிவம். என்ஜினும் ஷாஃப்டும் சேரும் தட்டுகளின் நேரைக் கரையிலேயே பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்பவரை நான் நம்புவதில்லை. இறங்கி ஒன்றிரண்டு நாள் கழித்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்க்க வேண்டும். நான்கு அங்குலத் தட்டுக்கு ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 0.1 மில்லி மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒரு தாளின் தடிப்புதான்.

புதுப் படகுகளில் பேக்கிங் கயிறே கிடையாது. ரப்பர் உதடு போல ஷாஃப்டைப் பிடிக்கும் சீல் ஒரு வகை. கரி வளையமும் எஃகு வளையமும் முகத்தோடு முகம் உரசி நிற்கும் சீல் இன்னொரு வகை. அதன் பின்னால் அக்கார்டியன் பெட்டி போல ஒரு ரப்பர் மடிப்பு இருந்து இரண்டையும் அழுத்திவைத்திருக்கும். சொட்டே இல்லை, அடித்தட்டு தூசி படிந்து உலர்ந்து கிடக்கும். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. படகு இறங்கியதும் உதட்டுச் சீலை விரலால் அழுத்தி உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட வேண்டும்; கரிச் சீலிலும் மடிப்பைப் பின்னுக்குத் தள்ளி அதையே செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் ஓட்டினால் உலர்ந்த உரசலில் சில நிமிடங்களில் கெட்டுவிடும். ஆண்டு கடந்த ரப்பரை, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்கவும் கூடாது. என் கருத்தைக் கேட்டால், முறையாகப் பராமரிக்கும் உரிமையாளருக்குப் புதியது நல்லது. பழைய பேக்கிங் கெட்டுப்போனால் வாரக்கணக்கில் புலம்பும், சொட்டு அதிகமாகும், காது கேளாதவனுக்கும் கேட்கும். புதியது கெட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் கெடும்.

ஷாஃப்ட் துளை எவ்வளவு பெரிய கப்பலையும் கவிழ்க்கும் என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி கிடக்கிறது. 1941 டிசம்பர் 8 மாலை, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பல், ரிபல்ஸ் என்ற துணைக் கப்பலோடு சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்திலிருந்து ஜொகூர் நீரிணை வழியாகப் புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 10-ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஒரு டார்பிடோ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் இடப்பக்க வெளி ஷாஃப்ட் வெளியேறும் இடத்துக்கு அருகில் வெடித்தது. ஷாஃப்டைப் பிடித்திருந்த தாங்கி உடைந்தது. சுற்றிக்கொண்டிருந்த அந்த மாபெரும் தண்டு நிலைகுலைந்து ஆட, அது கடந்துபோகும் தடுப்புச் சுவர்களின் கிளாண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன. ஷாஃப்ட் போகும் சுரங்கப் பாதையே கடலுக்கு வாய்க்காலானது. சில நிமிடங்களில் 2,000 டன்னுக்கும் அதிகமான தண்ணீர். மின் உற்பத்தி இயந்திரங்கள் பல நின்றுபோய், இறைக்க வேண்டிய பம்புகளுக்கு மின்சாரமும் இல்லை. பிறகும் டார்பிடோக்கள் விழுந்தன, கப்பல் பிழைக்கவில்லை. இரண்டு கப்பல்களிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். 2007-இல் முக்குளிப்பவர்கள் இறங்கி ஆராய்ந்தபோது அந்த ஷாஃப்ட் பகுதியின் சேதத்தை நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

அந்தக் கப்பலின் காற்றாடிகளைக்கூடப் பிறகு இரும்புத் திருடர்கள் விட்டுவைக்கவில்லை. 2023 மே மாதம் ஜொகூர்க் கடலில் சீனப் பதிவுள்ள ஒரு கப்பலை நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்துவைத்ததும், அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்ததும், அவை இந்தக் கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவையோ என்ற சந்தேகம் எழுந்ததும் செய்திகளில் வந்தன. சவக்குழியைத் தோண்டிப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பற்றி நான் என்ன எழுத?

நம் படகுகளுக்கு டார்பிடோ தேவையில்லை. ஒரு துண்டு வலை போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் பள்ளி விடுமுறையில் நடந்தது. தீவுக்கு ஆள் ஏற்றும் ஒரு நாற்பதடி மரப்படகு முந்தின நாள் மாலை காற்றாடியில் வலை சிக்கி, அறுத்துவிட்டுத் திரும்பியிருந்தது. காலையில் கிளாண்ட் திறந்த குழாய் போல ஊற்றுகிறது என்று கூப்பிட்டார்கள். படகுத்துறையில் இருபத்தாறு பேர் பெட்டி படுக்கையோடு நிற்கிறார்கள். கடல் இறங்க ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. “நட்டை இறுக்கிவிடு, கடைசி டிரிப் முடிந்து பார்த்துக்கலாம்” என்றார் தவுக்கே.

இறுக்கினால் தண்ணீர் நின்றிருக்கும், அதுதான் சங்கடம். நின்றிருந்தால் எல்லாரும் சந்தோஷமாக ஏறியிருப்பார்கள். கட்டிய கயிற்றோடு கியரைப் போடச் சொல்லிப் பெட்டியின் மேல் கை வைத்தேன். நடுங்கியது. வழக்கமான அதிர்வு இல்லை, சுற்றுக்கு ஒரு தரம் தட்டுகிற நடுக்கம். இந்த வகைப் படகில் கிளாண்ட் பெட்டி நேராக மரத்தில் இறுக்கப்பட்டிருக்காது. தடித்த ரப்பர் குழாய் ஒன்றால் ஷாஃப்ட் குழாயோடு சேர்ந்திருக்கும். வளைந்த ஷாஃப்டில் பேக்கிங்கை இறுக்கினால், சூட்டில் அது ஷாஃப்டைக் கவ்வும். கவ்வினால் பெட்டியும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். அப்போது கிழிவது அந்த ரப்பர் குழாய்தான். கிழிந்தால் பம்பு எந்த மூலைக்கு? “இது போகாது, தவுக்கே” என்றேன்.

அவர் கத்தினார். அதற்குக் கூட எனக்கு ஒன்றுமில்லை, அவர் பணம். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணே, ரூம் காசை நீங்களா குடுக்கப் போறீங்க? ஒரு வருசமா சேர்த்து வச்சுப் போறோம்” என்று கேட்டதுதான் உள்ளே இறங்கியது. ஜொகூர் பாருவிலிருந்து விடிகாலை புறப்பட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. பொடியன் ஒருவன் மிதவைச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவை எடுத்தவர் தெக்கோங். அறுபது வயது மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். கீழே இறங்கி, நான் வைத்த இடத்தில் கை வைத்துப் பார்த்தார். மேலே வந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “தாக் போலே ஜாலான்” என்றார். ஓடாது, அவ்வளவுதான். தெக்கோங் இல்லாமல் படகு இல்லை. வேறு படகு பிடிக்க மத்தியானமாயிற்று. அந்த அம்மா போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நீரேற்றத்தில் படகைக் கரையேற்றினோம். ஷாஃப்ட் வளைந்திருந்தது. பேரிங் ரப்பர் ஒரு பக்கம் இல்லவே இல்லை. பெட்டியைப் பிடித்திருந்த ரப்பர் குழாயைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதைப் பிடித்திருந்த இரண்டு பட்டைகளில் ஒன்று துருவில் அறுந்து கிடந்தது. தவுக்கே அந்தக் குழாயைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கூலியை எண்ணிக் கொடுத்தார், குறைக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க அப்புறம் என்னைக் கூப்பிடவும் இல்லை. மறு ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் தெக்கோங் மூலமாக ஆள் வந்தது. நானும் எதுவும் கேட்காமல் போனேன்.

எல்லாவற்றுக்கும் தானியங்கிப் பம்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதுவே நோயை மறைக்கும் மாத்திரையும்கூட. மிதவை ஸ்விட்ச் தண்ணீர் ஏறும்போதெல்லாம் பம்பை ஓட்டும். ஒழுகுவது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பாட்டரி இறங்கும், மறுநாள் காலை படகு கட்டிய கயிற்றில் தலைகீழாகத் தொங்கும். துறையில் கட்டிய இடத்திலேயே மூழ்கிய படகுகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பயணியாக நிற்கும்போது, அசையாமல் நிற்கும் படகின் பக்கவாட்டிலிருந்து அடிக்கடி தண்ணீர் பீய்ச்சி அடித்தால், என்ஜினைக் குளிர்விக்கும் நீர் அல்லவே இது என்று ஒரு வார்த்தை தெக்கோங்கிடம் கேளுங்கள். நல்ல தெக்கோங் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் அக்காள் மகன் இரண்டு ஆண்டு என்னோடு இருந்து இந்த வேலை கற்றான். இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். நான் மாதம் முழுக்கச் சம்பாதிப்பதை அங்கே வாரக்கணக்கில் பார்க்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அங்கே அவன் பார்க்கிற ஷாஃப்ட் ரொம்பத் தடிப்பாம், சீலுக்கே தனி எண்ணெய்த் தொட்டியாம். போன வாரம் தொலைபேசியில், “மாமா, இங்கயும் கை வச்சுத்தான் பார்க்கிறாங்க” என்றான். இந்த வாரம் எனக்கு இரண்டு படகுகள் இறங்க வேண்டும். ஒன்றுக்கு எட்டு மில்லி கயிறு கைவசம் இருக்கிறது. மற்றதற்குப் பத்து வேண்டும். எண்டாவில் கேட்டுப் பார்க்க வேண்டும்.